கஷ்டப்படாமல் போனவர்கள்

அந்த ஆஸ்பத்திரியில் யாராவது சத்தம் போட்டால், செக்யூரிட்டியைக் கூப்பிடுவதற்கு முன்பு ஜீனத் சிஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். மருந்துச் சீட்டைக் கசக்கி எறிகிறவர், டாக்டர் மேல் கை ஓங்குகிறவர், ஊசி போட விடாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிற கிழவர், யாராக இருந்தாலும் அவள் போய்ப் பக்கத்தில் நின்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார்கள். அவள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. "பயமா இருக்காண்ணே?" என்று கேட்பாள். கத்திக்கொண்டிருந்த மனுசன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

இது எந்த நர்சிங் காலேஜிலும் படித்து வந்ததல்ல. திண்டுக்கல் பேகம்பூரில் அவள் வளர்ந்த வீட்டில் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். நல்ல மனுசன்தான், ஆனால் எந்த நாள் எப்படி வருவார் என்று சொல்ல முடியாது. வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு விழுகிற சத்தத்தை வைத்தே சின்னப் பெண் ஜீனத்துக்குத் தெரிந்துவிடும். மெதுவாக விழுந்தால் அன்று வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருக்கும். படாரென்று விழுந்தால் அண்ணன் அப்துல் ஹக்கீமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அப்போது பிடித்த பழக்கம், மனிதர்களின் முகத்தையும் நடையையும் பார்த்தே உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்டுகொள்வது, நாற்பது வயதைத் தாண்டியும் அவளை விடவில்லை.

அந்தப் பழக்கம் அவள் கல்யாணத்தைக் காப்பாற்றவில்லை. கணவர் அல் அமீன் மசாலா வியாபாரம் செய்தவர். "ஊரு சனம் மனசெல்லாம் ஒனக்குத் தெரியுது. எம்மனசு மட்டும் தெரியலையா?" என்று ஒருநாள் கேட்டார். தெரியாமல் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்தது. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும்போது, தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசக்கூட அவளிடம் தெம்பு மிச்சமிருக்காது. குழந்தையும் இல்லை. ஜமாத்தில் பெரியவர்கள் பேசி, சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துவிட்டார்கள். அதன் பிறகு பேகம்பூரிலேயே ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். அண்ணன் ஹக்கீம் திருச்சியில் செருப்புக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் போன் பண்ணுவார். அவ்வளவுதான் அவளுக்கென்று இருந்த ஆள் துணை.

சாவுச் செய்தி சொல்வது கொஞ்சம் கொஞ்சமாக அவள் வேலையாகிப்போனது. அது டாக்டர்கள் செய்ய வேண்டிய காரியம். ஆனால் கேஷுவாலிட்டி டாக்டர் தமிழ்மதி சிறு வயதுக்காரி. சொல்லப் போனால் குரல் நடுங்கும், சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து இன்னும் கொதித்துப்போவார்கள். "அக்கா, நீங்க சொன்னா கேட்டுக்கிறாங்க. ப்ளீஸ்க்கா" என்று வந்து நிற்பாள். அவளுடைய பயமும் ஜீனத்துக்குத் தெரிந்தது. சரி என்று போவாள்.

இறந்தவரின் பெயரை முதலில் கேட்டு வைத்துக்கொள்வாள். வந்தவர்களைக் கூட்டத்திலிருந்து விலக்கி, படிக்கட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைப்பாள். தான் கீழே குந்தி, அண்ணாந்து பார்த்தபடி சொல்வாள். அழுது முடித்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. நெனப்பே வரல. தூங்குற மாதிரியே போயிட்டாரு" என்பாள் ஜீனத்.

சில நேரம் அது உண்மை. சில நேரம் இல்லை. எதிரே இருக்கிற முகம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அவளே முடிவு செய்துகொள்வாள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவர்கள் தோள் கொஞ்சம் தளர்ந்து இறங்கும். அதைப் பார்க்கும்போது தான் செய்வது சரிதான் என்று தோன்றும். உண்மையாக நடந்தது எதுவோ அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். சொல்ல அங்கே யாரும் இல்லை.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் நத்தம் ரோட்டில் லாரியில் மோதிய ஒரு பையனை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். பெயர் முகேஷ்குமார். கல்லூரி முடித்து ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வெளிக்காயம் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்வதற்குள் பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அவ்வளவு நேரமும் அவனுக்கு நினைவு இருந்தது. ஜீனத் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவனைத் தியேட்டர் வாசல் வரைக்கும்கூடக் கொண்டுபோக முடியவில்லை.

அவன் அம்மா ஜக்கம்மாள் நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒல்லியான உடம்பு. காலில் செருப்பு இல்லை. ஜீனத் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள். ஜக்கம்மாள் அழவில்லை. ஜீனத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எதாச்சும் சொன்னானா தாயி?"

வழக்கமாகக் கேட்கிற கேள்வி இல்லை இது. ஜீனத் அந்த முகத்தைப் பார்த்தாள். இது தாங்காது என்று பட்டது.

"இல்லம்மா. நெனப்பே வரல."

ஜக்கம்மாள் கையை விட்டாள். அவள் தோள் தளரவில்லை என்பதை ஜீனத் கவனித்தாள். கவனித்தும், அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் அண்ணன் ஹக்கீம் கடையில் ஷட்டரை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மதினி சைதூன் போனில் அழுத அழுகையில் எந்த ஆஸ்பத்திரி என்றே விளங்கவில்லை. ஜீனத் யூனிபார்மோடு திருச்சி பஸ்சில் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஐ.சி.யூ. வாசலில் மதினியும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததுமே தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஜீனத்தின் யூனிபார்மை மேலே துப்பட்டா மறைத்திருந்தது. அந்த நர்ஸ் அவளை ஓரமாக அழைத்துப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, தான் குனிந்து, மெதுவான குரலில் சொன்னாள்.

"கஷ்டப்படலக்கா. நெனப்பே வரல. தூங்குற மாதிரியே போயிட்டாரு."

ஜீனத் தலையாட்டினாள். "சரிம்மா, நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றுகூடச் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரல், அவள் குனிந்த விதம், கடைசி வார்த்தைக்கு முன் விட்ட இடைவெளி எல்லாமே அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதும் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஆறியிருப்பார்கள். அவளால் முடியவில்லை.

ஜனாஸா எடுத்து அடக்கம் முடிகிறவரை அவள் ஓயவில்லை. மதினியைத் தாங்கினாள், பிள்ளைகளைச் சாப்பிட வைத்தாள், வந்த சொந்தங்களுக்குப் பதில் சொன்னாள். "ஜீனத் இருந்ததால சமாளிச்சோம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நீ எப்படி இருக்கே என்று யாரும் கேட்கவில்லை. அவள் திடமானவள் என்பது குடும்பத்தில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம்.

திண்டுக்கல் திரும்பி டூட்டியில் சேர்ந்த கொஞ்ச நாளில், சின்னாளப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் வார்டில் இறந்துபோனார். வழக்கம்போல ஜீனத் போனாள். வழக்கம்போல உட்கார வைத்தாள். பெரியவரின் மகள், "எங்கப்பா கஷ்டப்பட்டாராம்மா?" என்று கேட்டாள்.

ஜீனத் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அந்தப் பெரியவர் நிஜமாகவே தூக்கத்தில்தான் போனார். அதைச் சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் நாக்கு எழவில்லை. மகள் திரும்பக் கேட்டாள். ஜீனத் எழுந்து, திரும்பி, அவர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய்விட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது. என்ன திமிரு!" என்று பெரியவரின் மருமகன் ஆபீசில் புகார் சொன்னார். இத்தனை வருசத்தில் அவள்மேல் வந்த முதல் புகார் அது.

நிர்வாகம் அவளைத் திட்டவில்லை. எல்லா நர்சுகளுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்தது. மதுரையிலிருந்து ஒருவர் வந்து, உணர்வுகளைப் புரிந்துகொண்டு கையாள்வதும் ஓர் அறிவுதான், அது இருந்தால் வேலை அழுத்தம் குறையும் என்று பேசினார். திரையில் ஒவ்வொரு முகமாகக் காட்டி, இது கோபமா, வெறுப்பா, அவமானமா என்று கேட்டார். மற்றவர்கள் தடுமாறிய இடங்களிலும் ஜீனத் டக் டக்கென்று சொன்னாள். அவர் அசந்துபோய்க் கைதட்டச் சொன்னார். அன்று காலையில் அவர் வீட்டில் ஏதோ மனஸ்தாபம் நடந்திருக்கிறது, போனை அடிக்கடி திருப்பிப் பார்க்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"சூப்பர் சிஸ்டர். இப்ப கடைசிக் கேள்வி. இதுல இன்னிக்கு உங்க முகம் எது?"

ஜீனத் திரையைப் பார்த்தாள். சிரித்த முகம், அழுத முகம், பல்லைக் கடித்த முகம். நெடுநேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சுகன்யா, ஜூனியர் நர்ஸ், அவள் முழங்கையை லேசாகத் தொட்டாள். "தெரியல சார்" என்றாள் ஜீனத். ஹாலில் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

அன்று மாலையே அவள் நர்சிங் சூப்பிரண்டைப் பார்த்து, தன்னை வார்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். தரைத்தளத்தின் பின்பக்கத்தில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்கிற அறைக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே போனாள்.

அந்த அறையில் முகங்கள் இல்லை. கத்தரியும் இடுக்கியும் தட்டு தட்டாக வரும். கழுவி, துடைத்து, துணியில் மடித்து, மெஷினுக்குள் வைத்துக் கதவை மூட வேண்டும். மெஷின் உஸ்ஸென்று மூச்சுவிடும். முதலில் அது பெரிய நிம்மதியாக இருந்தது. போகப்போக, ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசாமல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதைப் படியேறும்போது உணர்ந்து நின்றாள். வீட்டில் டி.வி.யைப் போட்டுவிட்டு வேறு பக்கம் உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் போன் அடிக்காது என்று தெரிந்தும் அதைக் கையருகே வைத்துக்கொள்வாள். சமைக்கிற குழம்பும் வெஞ்சனமும் மீந்துபோகும். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று இத்தனை வருசம் கழித்தும் கை பழகவில்லை.

மேலே டாக்டர் தமிழ்மதி இப்போது தானே செய்தி சொல்கிறாள் என்று சுகன்யா ஒருமுறை தட்டு வாங்க வந்தபோது சொன்னாள். "சொல்லிட்டு பாத்ரூம்ல போயி அழுறாங்கக்கா."

ஜீனத் கழுவி வைத்த தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் சுகன்யா கதவைத் தட்டினாள். "அக்கா, ஒரு அம்மா ஒங்களப் பாக்கணும்னு வாசல்லயே நிக்குது. போகச் சொன்னாலும் போகல."

ஜக்கம்மாள். மழையில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். முன்பு பார்த்ததைவிட இன்னும் இளைத்திருந்தாள். ஜீனத் அவளை உள்ளே கூப்பிட்டு, தன் ஸ்டூலைப் போட்டாள். ஜக்கம்மாள் உட்காரவில்லை.

"நீதான? நீதான சொன்ன, நெனப்பே வரலன்னு?"

"ஆமாம்மா."

"நத்தத்துல டீக்கடையில அந்த ஆம்புலன்சு டிரைவரு எந்தம்பிகிட்டச் சொல்லிருக்காரு. வர்ற வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தான்னு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போதுகூடப் பேசுனான்னு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஜீனத்துக்கு எப்படி நிற்பது என்று தெரிந்திருக்கும். "அன்னிக்குக் காலையில அவனுக்கும் எனக்கும் சண்ட. போட்ட சோத்த அப்பிடியே வச்சிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். எம்மேல கோவத்தோடவே போயிட்டானான்னு நான் இம்புட்டு நாளா செத்துக்கிட்டு இருக்கேன். நீ என்னத்த மறைச்ச?"

மெஷின் நின்றிருந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஜீனத் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். தாங்குமா, தாங்காதா? தெரியவில்லை. அதைத் தீர்மானிக்கத் தான் யார் என்ற எண்ணம் முதல்முறையாக வந்தது.

"சொல்லுறேம்மா" என்றாள். "நெனப்பு இருந்துச்சு. கடைசி வரைக்கும் இருந்துச்சு."

ஜக்கம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வலி இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஊசி போட்டோம். மருந்து கொஞ்சம்தான் கேட்டுச்சு."

"தண்ணி கேட்டானா?"

"கேட்டாரு. ஆபரேஷனுக்குக் கொண்டு போறதா இருந்ததால குடிக்கக் குடுக்கக் கூடாதும்மா. பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சேன்."

ஜக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜீனத் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் பொய்யில் போய் முடியும் என்று பயந்தாள்.

"பசிக்குதுன்னு சொன்னாரு. காலையில சாப்பிடாம வந்துட்டேன், அம்மா சோறு போட்டுச்சு, வேணாம்னுட்டு வந்துட்டேன்னு சொன்னாரு. அதச் சொன்னா நீங்க அப்புறம் வாயில சோறே வைக்க மாட்டீங்கன்னு நெனச்சுத்தான் மறைச்சேன். அம்மா வந்துருமா, அம்மா வந்துருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வீட்டுக்குப் போயி அந்தச் சோத்தையே போடச் சொல்லிச் சாப்புடணும்னாரு. கோவம் இல்லம்மா. ஒரு வார்த்த கோவமா வரல."

ஜக்கம்மாள் எழுந்தாள். ஜீனத்தின் தோளில் உள்ளங்கையால் ஓர் அடி அடித்தாள். இன்னொரு அடி. வலுவில்லாத அடிகள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்டி. எம்புள்ள பேச்சுடி அது. நீ எதுக்குடி வச்சுக்கிட்ட?"

பிறகு அப்படியே ஜீனத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் ஜீனத் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் இடமில்லை. சுகன்யா கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள். அழுது முடித்த ஜக்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாரத்தில் ஜீனத் திருச்சிக்குப் போனாள். சைதூன் மதினியிடம் கேட்டாள், "அண்ணன் கடைசியா என்ன சொன்னாருன்னு தெரியுமா மதினி?"

மதினிக்கும் தெரியாது. "என்னைய உள்ள விடலையே ஜீனத். கண்ணாடி வழியா காலு மட்டுந்தான் தெரிஞ்சுது." அன்று செய்தி சொன்ன அந்த நர்சைத் தேடி ஜீனத் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர், எங்கே போனாள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று விட்டாளாம். "மனசுக்கு முடியலன்னும் சொன்னா" என்றாள் ஒருத்தி. ஜீனத் அந்த ஐ.சி.யூ. வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அண்ணனின் கடைசி நேரம் எங்கேயோ ஒரு பெயர் தெரியாத ஊரில், அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிறது. அல்லது அவளும் மறந்திருக்கலாம். பஸ்சில் வரும்போது ஜன்னலோரமாக உட்கார்ந்து மணப்பாறை வரைக்கும் அழுதாள். பக்கத்து சீட்டுப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

தை பிறந்ததும் வார்டுக்குத் திரும்பினாள். டாக்டர் தமிழ்மதியிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள். "நான் கூட நிக்கிறேன் டாக்டர். சொல்ல வேண்டியத நீங்கதான் சொல்லணும்." தமிழ்மதி மறுக்கவில்லை. குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. அதனால் யாரும் அடிக்க வந்துவிடவில்லை. கஷ்டப்பட்டாரா என்று கேட்கிறவர்களிடம் ஜீனத் இப்போது, "என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணுமா? இப்பவே வேணும்னாலும் சரி, அப்புறமா வந்து கேட்டாலும் சரி" என்கிறாள். பாதிப் பேர் வேண்டாம் என்று தலையாட்டிவிடுகிறார்கள். கேட்கிறவர்களிடம் சொல்கிறாள். சொன்ன பிறகு சிலர் அவளை வெறுப்போடு பார்க்கிறார்கள். முன்பு போல அவள் போய் நின்றதும் எல்லாம் அடங்குவதில்லை. ஜீனத் சிஸ்டருக்குப் பழைய கைராசி போய்விட்டது என்று வார்டில் பேசிக்கொள்கிறார்கள்.

சுகன்யா சில நாள் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருகிறாள். பேச்சு கொடுக்கிறாள். ஜீனத்துக்கு இன்னும் பேச வரவில்லை, கேட்டுக்கொள்கிறாள்.

மாடிப் போர்ஷன் அப்படியேதான் இருக்கிறது. மாசியில் ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஜக்கம்மாள். ஆஸ்பத்திரியில் கேட்டு நம்பர் வாங்கியிருக்கிறாள். அடித்ததற்கு மன்னிப்பு கேட்கவோ நன்றி சொல்லவோ அவள் கூப்பிடவில்லை. "சும்மாதான்" என்றாள். அதற்கப்புறம் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. போனை வைக்கவும் இல்லை.

இப்போதெல்லாம் ஜக்கம்மாள் அடிக்கடி கூப்பிடுகிறாள். இதுவரை இவள் அங்கே போனதில்லை, அவளும் வந்ததில்லை. வெயில் எப்படி, தண்ணீர் வருகிறதா என்று நாலு வார்த்தை. சில நாள் முகேஷ்குமாரைப் பற்றி ஏதாவது சொல்வாள், சில நாள் அவன் பேச்சே வராது. பேச்சு தீர்ந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் புளியை உடைத்துக் கொட்டை தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்தில் ஜீனத் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

"இருக்கியா?" என்று எப்போதாவது ஜக்கம்மாள் கேட்பாள்.

"இருக்கேன்" என்பாள் ஜீனத்.